ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவள்

ஏப்ரல் 2

அன்புள்ள அம்மா,

வணக்கம். நான் உங்கள் மகளின் வகுப்பாசிரியை. ஏழாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு. முன்பிருந்த டீச்சர் பிரசவத்துக்குப் போனதால் செப்டம்பரில்தான் இந்த வகுப்பு என் கைக்கு வந்தது. அதனால் நாம் இருவரும் இதுவரை முகம் பார்த்துக்கொண்டதில்லை. அதற்கு நான் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலாண்டு அறிக்கையைக் கொடுத்தனுப்பினேன், கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. அரையாண்டு அறிக்கைக்கும் அதே கதி. கேட்டால், “அம்மா ஊர்ல இல்ல டீச்சர்” என்று சிரிக்கிறாள். இத்தனை மாதமா ஒருவர் ஊரில் இல்லாமல் இருப்பார்? அதனால்தான் ஆண்டு அறிக்கையின் நகலைப் பதிவேட்டில் உள்ள விலாசத்துக்குத் தபாலில் அனுப்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. கணக்கில் போன வருடம் தத்தளித்தவள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டாள். தமிழில் வகுப்பிலேயே இரண்டாவது. அறிவியலில் பதில் தெரியாவிட்டால் படம் போட்டே மதிப்பெண் வாங்கிவிடுகிறாள். நான் வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. மழையில் பாதி வகுப்பு வராமல் போன அன்றுகூட இவள் நனையாமல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

குறை என்றால் வாய்தான். பிள்ளைகள் இவளை ‘ரேடியோ’ என்று கூப்பிடுகிறார்கள். அணைக்கவே முடியவில்லை. அந்த வாய்க்குப் பூட்டு எங்காவது கிடைத்தால் எனக்கும் ஒன்று வாங்கி அனுப்புங்கள்.

எங்கள் பள்ளியின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆண்டு அறிக்கையைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவதில்லை. பெற்றோர் நாளன்று பெற்றவர் எதிரில் உட்கார வேண்டும். நாங்கள் எழுதியதைப் பிள்ளையே எழுந்து நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதைக் கேட்டபிறகு பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் எட்டாம் வகுப்புக்கு ஏற்ற மாட்டார்கள். ஏப்ரல் 30 காலையில் அவசியம் வாருங்கள்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை


ஏப்ரல் 9

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் எங்கள் பழைய வீட்டுக்குப் போய், வீட்டுக்காரர் வேறு விலாசம் எழுதி, எங்கெங்கோ சுற்றிவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். என் தங்கையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

என் மகள் உங்கள் பள்ளிக்கூடத்தை விட்டு ஆகஸ்டிலேயே வந்துவிட்டாள் டீச்சர். நான் இதை எழுதும்போது எதிரே தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் யாருக்கு மார்க் போட்டீர்கள்? காற்றுக்கா? ஒரு நாள்கூட விடுப்பு இல்லையாம்! எப்படி எடுப்பாள், வந்தால்தானே விடுப்பு எடுக்க? நான் மருந்துக்கடையில் நிற்கிறவள். சீட்டில் ஒரு பெயரும் டப்பாவில் ஒரு பெயரும் இருப்பதைக் கவனிக்காமல் எடுத்துக் கொடுத்தால் ஒரு உயிர் போய்விடும். உங்கள் தொழிலில் அந்தப் பயம் கிடையாது போலிருக்கிறது.

நான் வேலை பார்த்த கடையைத் திடீரென்று மூடிவிட்டார்கள். அவள் அப்பா அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். என்னை விட்டால் அவளுக்கு யார்? இந்த ஊரில் தங்கை இருக்கிறாள், வேலையும் கிடைத்தது, கிளம்பிவிட்டேன். விஷயத்தைச் சொன்னால் பிள்ளை வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்று தெரியும். “ரெண்டு நாள் சித்தி வீட்டுக்குப் போயிட்டு வரலாம் குட்டி” என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினேன். வேறு எப்படி ஏற்றுவது? நீங்களே சொல்லுங்கள்.

அந்த அவசரத்தில் டி.சி. வாங்காமல் வந்தது என் தப்புதான். பிறகு தருகிறேன் என்று எழுதிக் கொடுத்து இங்கே சேர்த்திருக்கிறேன். இப்போது அவர்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள். தயவுசெய்து டி.சி.யை அனுப்பி வையுங்கள். உங்கள் ராங்க் கார்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ரேடியோ என்று யார் உங்களிடம் சொன்னது? அங்கே இருந்தபோது அவளுக்கு அந்தப் பேர் உண்டு. இங்கே வந்தபிறகு அவள் பேசுவதே இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கேட்டால் தலையாட்டுவாள், போட்டால் சாப்பிடுவாள். டாக்டரிடம் காட்டினேன், ஒன்றுமில்லை, வளர்கிற வயசு என்றார். வளரவும் இல்லை டீச்சர். ஆகஸ்டில் வாங்கிய ஷூவில் இன்னும் ஒரு விரல் போகிற இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா


ஏப்ரல் 14

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் மகளுக்கு மார்க் போட்டதற்கு நான் ஏச்சு வாங்குவதா என்று நினைத்தேன். பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். “என்ன டீச்சர், அப்படிப் பாக்கறீங்க?” என்றாள்.

அலுவலகத்தில் விசாரித்தேன். டி.சி. கொடுத்ததாகப் பதிவே இல்லை. கொடுக்காதவரை பெயரை அடிக்கக் கூடாது, தினமும் கூப்பிட வேண்டும் என்பது இங்கே விதி. கூப்பிட்டும் பதில் வராவிட்டால் வராதவர் என்று குறிக்க வேண்டும். ஆகஸ்டில் சில நாட்கள் அப்படிக் குறித்திருக்கிறது. அதன் பிறகு ஒரு நாள் பதில் வந்திருக்கிறது. நான் பொறுப்பேற்றபோது பதில் வந்துகொண்டுதான் இருந்தது. நான் பதிவேட்டைப் பார்த்தபடியே பெயரைக் கூப்பிடுவேன். “உள்ளேன் டீச்சர்” என்று வகுப்பே அதிரும்படி கத்துவாள். நான் எதைச் சந்தேகப்படுவது?

கணக்கு வாத்தியாரைக் கேட்டேன். “அந்த ரேடியோவா? நடுவுல கொஞ்ச நாள் வரல. அப்புறம் வந்துடுச்சே. இப்பதான் கணக்கு ஏறுது, தயவுசெஞ்சு எதையும் கிளப்பிவிடாதீங்க” என்றார்.

அன்றிலிருந்து அவளைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு முன் எனக்கு உறைக்காத சில விஷயங்கள் இப்போது உறைக்கின்றன. மற்ற பெஞ்சுகளில் நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் பெஞ்சில் அவள் மட்டும்தான். யாரும் அவளோடு சண்டை போட்டுப் பார்த்ததில்லை. அவள் பேசுகிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள், ஆனால் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. வகுப்புத் தலைவியைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏன் யாரும் அவ பக்கத்துல உக்காரல?” என்று கேட்டேன். “அங்க குளிருது டீச்சர்” என்றாள்.

எங்கே தங்கியிருக்கிறாய் என்று அவளையே கேட்டேன். “வீட்லதான்.” அம்மா எங்கே? “சித்தி வீட்டுக்குப் போயிருக்காங்க. வந்துடுவாங்க.” பிறகு காலைத் தூக்கிக் காட்டி, “ஷூ கடிக்குது டீச்சர். பத்தல. அம்மா வந்ததும் வேற வாங்கணும்” என்றாள்.

அம்மா, நான் பயந்தவள் இல்லை. பொறுக்கிப் பயல்கள் நிறைந்த வகுப்பைத் தனியாக மேய்த்தவள். இது யாரோ ஒரு பெண் உங்கள் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற கூத்தாகவும் இருக்கலாம். உங்கள் மகள்தானா என்று அறிய ஏதாவது ஒரு அடையாளம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை


ஏப்ரல் 19

டீச்சர்,

இந்த முறை நான் சிரிக்கவில்லை. தங்கையிடமும் காட்டவில்லை.

யாரோ விளையாடுகிறார்கள். பிள்ளைகள் பொல்லாததுகள், எதையும் செய்யும். நீங்களும் நம்பிக்கொண்டு எனக்கு எழுதுகிறீர்கள். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். முகவாய்க்குக் கீழே ஒரு தழும்பு இருக்கும், அண்ணாந்தால்தான் தெரியும். படியில் விழுந்தது. எழுதும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். பொய் சொன்னால் காதைச் சொறிவாள். இதையெல்லாம் கூடப் படித்த பிள்ளை பார்த்து வைத்திருக்கலாம். அதனால் யாருக்கும் தெரியாத ஒன்றைக் கேளுங்கள்.

பழைய கடையில் சாயங்காலம் அவளைக் கூடவே வைத்துக்கொண்டிருப்பேன். சும்மா இருக்க மாட்டாள். மாத்திரைகளுக்கெல்லாம் பேர் வைப்பாள். சிவப்பு மாத்திரை ‘பக்கத்து வீட்டு அத்தை’. இருமல் மருந்து ‘அழுமூஞ்சி’. அங்கே பெரிய மஞ்சள் மாத்திரை ஒன்று உண்டு, தொண்டையில் இறங்கவே இறங்காது. அதற்கு என்ன பேர் வைத்தாள் என்று கேளுங்கள். எனக்கும் அவளுக்கும் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பதிலை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இங்கே இருக்கிறவளையும் கேட்டேன். பக்கத்தில் உட்கார வைத்து, தலையைக் கோதிவிட்டு, “குட்டி, அந்த மஞ்ச மாத்திரைக்கு என்ன பேரு வச்ச? சொல்லு பார்ப்போம்” என்றேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். “ஞாபகம் இல்லம்மா” என்றாள். எந்த மாத்திரை என்றுகூடக் கேட்கவில்லை.

கணக்கில் பதினொன்று வாங்கியிருக்கிறாள். நான் திட்டவில்லை. திட்டினால் அழவாவது செய்வாள் என்று நினைத்துப் போன மாதம் திட்டிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவளுடைய அம்மா


ஏப்ரல் 23

அம்மா,

கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். துடைப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஹெட்மாஸ்டர்! முழுங்கவே முடியாது டீச்சர். அம்மாவா சொன்னாங்க? ஐயோ, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தாங்களே.” அண்ணாந்து சிரித்ததில் தழும்பும் தெரிந்தது. காதைச் சொறியவில்லை.

முகத்தை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக் கொக்கியைப் போட்டேன். கடைசி மணி அடித்தது. திரும்பினால் அவள் இல்லை. கதவு சாத்தியபடியே இருந்தது. துடைப்பான் மேசைமேல் இருந்தது, அதிலிருந்து சாக்பீஸ் தூள் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் நானே சாவி வாங்கிப் போய் வகுப்பைத் திறந்தேன். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “லேட் டீச்சர்” என்றாள்.

உண்மையான ஹெட்மாஸ்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். “பிள்ளை இருக்கு, மார்க் இருக்கு, வருகை இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? கையெழுத்து இல்லாத கேஸ் இது ஒண்ணுதான். அந்தம்மாவை வரச் சொல்லி முடிச்சு விடுங்க” என்று அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். உங்கள் மகள் வைத்த பேர் சரிதான்.

என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. டி.சி. எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும். அதை எழுதினால் பதிவேட்டில் அவள் பெயர்மேல் கோடு போட வேண்டும். மறுநாள் கூப்பிட மாட்டேன். கூப்பிடாவிட்டால் இவள் எங்கே போவாள்? உங்களிடம் வந்துவிடுவாளா, இல்லை எங்குமே இல்லாமல் போய்விடுவாளா? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடியவில்லை. இந்த வருடம் முழுக்க நான் எழுதிய ‘முன்னேற்றம் நன்று’ எல்லாம் இவளுக்குத்தான் அம்மா. வாய்தான் அதிகம், மற்றபடி தங்கமான பெண்.

30ஆம் தேதி வாருங்கள். உங்களோடு இருக்கிறவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்போம். அவளே அறிக்கையைப் படிக்கட்டும். நீங்கள் கேட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதன் பிறகுதான் நான் கோடு போடுவேன்.

வகுப்பாசிரியை


ஏப்ரல் 26

டீச்சர்,

வருகிறேன். கடையில் லீவு சொல்லிவிட்டேன். தங்கையிடம் டி.சி. வாங்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஹெட்மாஸ்டர் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் கடையில் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் மருந்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். எட்டு மாதமாக என் குரலுக்கு ஒரு பதில் வராதா என்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கே உட்கார்ந்து உங்களுக்கு உள்ளேன் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குப் பயம் இருக்கிறது. அதைவிட ஆத்திரம்தான் அதிகம். உங்கள்மேல் இல்லை.

எனக்கு என் குட்டி வேண்டும். வாயை மூடாமல் பேசுகிறவள், என்னைக் கேலி பண்ணுகிறவள், சாப்பாட்டில் குறை சொல்கிறவள். அவள் எங்கே இருந்தாலும் சரி, எப்படி இருந்தாலும் சரி. வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

இவளிடம், “முப்பதாம் தேதி உன் பழைய ஸ்கூலுக்குப் போறோம்” என்றேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். இன்னும் விடவில்லை.

அவளுடைய அம்மா


மே 3

என் அருமை டீச்சருக்கு,

எப்படி நன்றி சொல்வது? நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு! பஸ் நகர்ந்ததும் ஆரம்பித்தவள்தான். கண்டக்டரிடம் டிக்கெட்டில் ஏன் படம் இல்லை என்று கேட்டாள். முன் சீட்டில் இருந்தவரின் வழுக்கைக்கு ஒரு பேர் வைத்தாள், என்ன பேர் என்று எழுத முடியாது, எனக்கு மானம் போய்விட்டது. கணக்கு வாத்தியார் நடப்பதுபோல் உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். பொழுது சாயும்போதுதான் களைத்துப் போய், என் சால்வையை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடங்கினாள்.

நீங்கள் செய்ததுதான் சரி. என்னை வராந்தாவில் நிற்க வைத்துவிட்டு இரண்டு பேரையும் உள்ளே ஒரே பெஞ்சில் உட்கார வைத்தீர்களே, அப்போது என் உயிர் என்னிடம் இல்லை. கதவு திறந்ததும் ஒருத்திதான் ஓடி வந்தாள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “இவ்ளோ நாளா எங்கம்மா போன?” என்று முதுகில் அடித்தாள். பிறகு ஆபீசில் எல்லார் முன்னாலும் அறிக்கையை எப்படிப் படித்தாள் பார்த்தீர்களா? ‘பேச்சைக் குறைக்க வேண்டும்’ என்ற இடத்தில் குரலை உயர்த்திப் படித்தாள், திருட்டுக் கழுதை. கையெழுத்துப் போடும்போது கண்ணை மறைத்தது, கோணலாகப் போட்டுவிட்டேன். மன்னியுங்கள்.

இரண்டும் ஒன்றாகிவிட்டன. கடவுள் கண்ணைத் திறந்தார். தங்கைக்குக்கூட வாயடைத்துப் போய்விட்டது. புது ஷூ வாங்கினோம், ஒரு அளவு பெரிசு. உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் அன்புக்குரிய,
ரேடியோவின் அம்மா


மே 8

அம்மா,

உங்கள் கடிதம் வரும்வரை காத்திருந்தேன். பஸ்ஸில் ஏறியதுமே உங்களுக்குத் தெரிந்துவிடும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடி வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அன்று வரவில்லை. மறுநாள் வருவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் கடிதம்தான் வந்தது.

நீங்கள் போனபிறகு வகுப்பைப் பூட்டப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் கூட்டி வந்தபோது போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை, தளர்ந்த ஷூ. எனக்கும் உங்களைப் போலத்தான் தோன்றியிருந்தது, ஒருத்தி ஓடி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று. உள்ளே எட்டிப் பார்க்காமல் உங்களோடு ஆபீசுக்கு வந்தேன். அந்த நேரமெல்லாம் அவள் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

கடைசி மணி அடித்தால் மறைந்துவிடுவாள் என்று எண்ணி எதிரே உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தது. அப்படியே இருந்தாள். வராந்தாவில் வெளிச்சம் குறைந்தது. “பசிக்குது” என்றாள். அது ஒன்றுதான் பேசினாள். அம்மா, அந்த இன்னொருத்தி ஒரு நாளும் என்னிடம் பசிக்கிறது என்று சொன்னதில்லை. நான் தொட்டுப் பார்த்தேன். கை சுடச்சுட இருந்தது. காய்ச்சல்.

என் வீட்டில் வைத்திருக்கிறேன். என் அக்காதான் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. கதவு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். தெருவில் யாராவது நடந்தால் எழுந்து நிற்கிறாள். அக்கா நேற்று என்னைச் சமையலறைக்குள் இழுத்து, “யாரு பெத்த பிள்ளைடி இது? இப்படியா விட்டுட்டுப் போவாங்க?” என்று அழுதாள். நான் என்ன சொல்லட்டும்?

இவள் பெயரின்மேல் நானே கோடு போட்டேன். உங்கள் கையில் டி.சி.யும் கொடுத்துவிட்டேன். இப்போது இவளுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. நீங்கள் ஊரிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தது இவளைத்தான். வயிற்றில் சுமந்தது இவளைத்தான். பேசாவிட்டால் என்ன அம்மா, கணக்கில் பதினொன்று வாங்கினால் என்ன? நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

கூட்டிக்கொண்டு போனது யாரை என்று ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். சாயங்காலம் பாருங்கள். உடனே வாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வகுப்பாசிரியை


மே 15

டீச்சர்,

வர மாட்டேன்.

சாயங்காலம் பார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அன்றைக்கே தெரியும். பஸ்ஸில் அவள் போர்த்திக்கொண்ட சால்வை என் மடியில்தான் கிடந்தது. அதில் கனமே இல்லை. விலக்கிப் பார்க்கவில்லை, இறங்கும்போது அப்படியே வாரி அணைத்துக்கொண்டு இறங்கினேன். இங்கே பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆனதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் திறப்பதில்லை. காலையில் கதவுக்கு வெளியே நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். உடனே வருகிறாள். வந்ததும் பேச ஆரம்பித்துவிடுகிறாள். எட்டு மாதம் ஊமையாகக் கிடந்த வீடு டீச்சர் இது. நான் சிரிக்கிறேன். ராத்திரி தூங்குகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், அங்கே இருக்கிறவளுக்குப் பாலில் ஆடை இருந்தால் குமட்டும். இடது பக்கம் ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும். காய்ச்சலில் வாய் கசந்தால் கல்கண்டு கொடுத்தால் போதும், அதற்கு மருந்து வேண்டாம். இடி இடித்தால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வேறொன்றும் செய்ய வேண்டாம். தலையைக் கோதிவிட்டால் பிடிக்கும், ஆனால் கேட்க மாட்டாள்.

இனிமேல் எழுதாதீர்கள். எழுதினாலும் நான் பிரிக்கப்போவதில்லை.

பஸ் பள்ளிக்கூடத்தைச் சுற்றித் திரும்பும்போது நான் பார்த்தேன். உங்கள் வகுப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கூப்பிடவில்லை, கையாட்டவில்லை. இவளும் பார்த்துவிட்டாள். “யாரும்மா அது?” என்று கேட்டாள்.

“தெரியலையே குட்டி” என்று சொன்னேன்.